சிறு அளவு கஞ்சா வழக்கு: ஒப்புக்கொள்வதா, நடத்துவதா, சிகிச்சைக்குச் செல்வதா?

சில மாதங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமைக் காலை, குற்றவியல் நடுவர் நீதிமன்றம் ஒன்றின் வராந்தாவில் ஒரு தாயும், பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் அவருடைய மகனும் என்னைச் சந்தித்தார்கள். தாயின் துணிப்பையில் மகனின் ஆதார் நகல், கல்லூரி அடையாள அட்டை, ரப்பர் பேண்டு போட்ட எட்டாயிரம் ரூபாய் ஆகியவை இருந்தன. மகனின் பேன்ட் பையிலிருந்து நாற்பது கிராம் கஞ்சா கைப்பற்றப்பட்டதாக வழக்கு. "இன்னைக்கே ஒத்துக்கிட்டா ஃபைன் கட்டிட்டு மத்தியானமே வீட்டுக்குப் போயிடலாம்னு சொல்றாங்க சார், கட்டிடலாங்களா?" என்பதுதான் அவர் கேட்ட ஒரே கேள்வி.

இந்தக் கேள்வியைப் பல குடும்பங்கள் என்னிடம் கேட்டிருக்கின்றன. கேட்கும்போது அவர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பது இரண்டே தொகைகளை: இன்று கட்ட வேண்டிய அபராதம், இனிமேல் தர வேண்டிய வக்கீல் கட்டணம். சட்டமோ நான்கு வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது. அவற்றுக்கிடையேயான வேறுபாடு நீதிமன்றத்தில் அல்ல, சில ஆண்டுகள் கழித்துப் பாஸ்போர்ட் விண்ணப்பத்திலும், அரசுப் பணிக்கான சரிபார்ப்புப் படிவத்திலும், தூதரகத்தின் விசா நேர்காணலிலும்தான் தெரியவரும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உண்மையாகவே போதைக்கு அடிமையானவரை முதலில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். மற்றவர்களோ, தங்கள் வழக்கின் தாள்களை ஒரு வழக்கறிஞர் படித்துப் பார்க்கும்வரை எதையும் ஒப்புக்கொள்ளக் கூடாது.

கீழே எழுதியுள்ளவை போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம், 1985 என்ற என்.டி.பி.எஸ். சட்டத்தின்கீழ், பதினெட்டு வயது நிறைந்த ஒருவர்மீது தமிழ்நாட்டில் பதியப்படும் சிறு அளவு வழக்குகளுக்கு மட்டுமே பொருந்தும். பதினெட்டு வயது நிறையாதவரின் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குச் செல்லும். அதன் விதிகள் வேறு.

முதலில் எடையும் பிரிவும்

எந்த வழியைத் தேர்ந்தெடுக்கலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், வழக்கு எந்த அளவுக்குள் வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். 2001-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு இந்தச் சட்டத்தில் தண்டனையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் எடைதான்.

| பொருள் | சிறு அளவு (இதற்குக் குறைவு) | வணிக அளவு (இதற்கு மேல்) |
|---|---|---|
| கஞ்சா | 1 கிலோ | 20 கிலோ |
| சரஸ், ஹஷீஷ் | 100 கிராம் | 1 கிலோ |
| ஹெராயின் | 5 கிராம் | 250 கிராம் |
| கொக்கைன் | 2 கிராம் | 100 கிராம் |
| மெத்தாம்பெட்டமைன் | 2 கிராம் | 50 கிராம் |
| எம்.டி.எம்.ஏ. | 0.5 கிராம் | 10 கிராம் |

சிறு அளவு கஞ்சாவை வைத்திருந்ததற்கு ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். 2014-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன் இந்தச் சிறைத் தண்டனையின் உச்ச வரம்பு ஆறு மாதமாக இருந்தது. சிறு அளவைத் தாண்டி வணிக அளவை எட்டாமல் இருந்தால் பத்தாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வணிக அளவென்றால் குறைந்தது பத்தாண்டு, அதிகபட்சம் இருபதாண்டு. ஜாமீன் கிடைப்பதும் 37-ஆவது பிரிவின் கடுமையான நிபந்தனைகளால் மிகவும் அரிது. இந்த இரண்டு பெரிய வகைகளிலும் "ஒப்புக்கொண்டு முடித்துவிடலாம்" என்ற பேச்சுக்கே இடமில்லை. அங்கே நல்ல வழக்கறிஞரை அமர்த்தி வழக்கை நடத்துவதைத் தவிர வேறு யோசனை வேண்டியதில்லை.

எடையை அப்படியே நம்பிவிடவும் கூடாது. சட்டத்தின் வரையறைப்படி கஞ்சா என்பது செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனிப் பகுதி. நுனியோடு சேராமல் தனியாக இருக்கும் இலையும் விதையும் அதில் அடங்காது. எனவே, காம்பும் விதையும் தனி இலையும் நிறைந்த ஒரு பொட்டலத்தை மொத்தமாக நிறுத்து 1,100 கிராம் என்று மகஜரில் (சோதனையையும் கைப்பற்றலையும் பற்றிக் காவல்துறை எழுதும் ஆவணத்தில்) எழுதியிருந்தால், அது உண்மையில் சிறு அளவுதான் என்று வாதிட இடம் உண்டு. ஓராண்டுக்கும் பத்தாண்டுக்கும் இடையிலான வேறுபாடு அந்த நூறு கிராமில் தொங்குகிறது. மாத்திரை, பொடி போன்றவற்றில் நிலைமை வேறு. போதைப்பொருளோடு கலந்திருக்கும் மாவு, சர்க்கரை போன்ற பிற பொருள்களின் எடையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்று 2020 ஏப்ரலில் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது.

அடுத்தது பிரிவு எண். கஞ்சா வைத்திருந்ததாகச் சொல்லும் 20-ஆவது பிரிவா, உட்கொண்டதாகச் சொல்லும் 27-ஆவது பிரிவா என்பதை முதல் தகவல் அறிக்கையில் விரல் வைத்துப் படித்துப் பாருங்கள். 27-ஆவது பிரிவில் கஞ்சா உட்கொண்டதற்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்பதோடு, இன்னொரு சலுகையும் இருக்கிறது. அதைக் கீழே பார்க்கலாம்.

எவற்றை வைத்து எடைபோடுவது

ஒவ்வொரு வழியையும் நான் சோதித்துப் பார்க்கும் கேள்விகள் இவை. சிறைக்குப் போகும் வாய்ப்பு எவ்வளவு? வழக்கு எத்தனை காலம் இழுக்கும்? கையிலிருந்து போகும் பணம் எவ்வளவு, வாய்தா நாள்களில் இழக்கும் கூலியும் வகுப்புகளும் எவ்வளவு? முடிவில் "தண்டிக்கப்பட்டவர்" என்ற பெயர் ஒட்டுமா? அந்தப் பெயர் வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் என்ன செய்யும்? மீண்டும் ஒரு வழக்கு வந்தால் முதல் வழக்கின் முடிவு அதில் எப்படி எதிரொலிக்கும்? இவை எல்லாவற்றுக்கும் மேலாக, வழக்கில் சிக்கியவர் நலமாக இருக்கிறாரா, அல்லது அவருக்குச் சிகிச்சை தேவைப்படுகிறதா? கடைசிக் கேள்வியை வழக்கறிஞர்கள் பெரும்பாலும் கேட்பதில்லை. பெற்றோரும் வெட்கத்தால் மறைத்துவிடுகிறார்கள்.

வழி ஒன்று: ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுதல்

சிறு அளவு வழக்கு நடுவர் நீதிமன்றத்தில் சம்மன் வழக்கு முறையில் நடைபெறும். குற்றச்சாட்டின் சாரத்தை நடுவர் எடுத்துச் சொல்லி, ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்பார். ஒப்புக்கொண்டால் அவர் தமது விருப்புரிமையின்படி அங்கேயே தண்டிக்கலாம். முதல் வழக்கு, குறைந்த எடை, இளவயது என்றால் அபராதத்தோடும், ஏற்கெனவே ரிமாண்டில் இருந்த நாள்களைத் தண்டனைக் காலமாகக் கழித்தும் முடிந்துவிடுவது வழக்கம். வேகத்திலும் நேரடிச் செலவிலும் இதற்கு இணையான வழி கிடையாது. ஆனால் அபராதம் மட்டும்தான் என்று யாரும் உறுதிமொழி தர முடியாது. ஓராண்டு வரை சிறை விதிக்கும் அதிகாரம் நடுவரிடம் இருக்கிறது. வாசலில் நிற்பவர் சொல்லும் தொகை நடுவரைக் கட்டுப்படுத்தாது.

மறைந்திருக்கும் செலவுகள் இனிமேல்தான் வருகின்றன. அபராதம் கட்டினாலும் அது தண்டனையே. பேருந்தில் பயணச்சீட்டு எடுக்காததற்குக் கட்டும் தொகையைப் போல அதை நினைக்கும் குடும்பங்களைப் பார்த்து நான் வருந்தியிருக்கிறேன். ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர் பிறகு மேல்முறையீட்டில் "நான் குற்றமே செய்யவில்லை" என்று வாதிட முடியாது. தண்டனையின் அளவையும் அதன் சட்டப் பொருத்தத்தையும் மட்டுமே எதிர்க்கலாம்.

நன்னடத்தையின் பேரில் விடுவிக்கும் சலுகையும் பெரும்பாலோருக்கு இல்லை. திருட்டு வழக்கில் முதன்முறை சிக்கிய இளைஞனுக்குக்கூட 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம் கைகொடுக்கும். என்.டி.பி.எஸ். சட்டத்தின் 33-ஆவது பிரிவோ, பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருக்கும், 26 அல்லது 27-ஆவது பிரிவில் தண்டிக்கப்பட்டவருக்கும் தவிர மற்றவர்களுக்கு அந்தக் கதவை மூடிவிட்டது. மேலே குறிப்பிட்ட சலுகை இதுதான். வழக்கு 27-ஆவது பிரிவில் மட்டும் இருந்தால், ஒப்புக்கொண்ட பிறகும் நன்னடத்தை விடுவிப்பைக் கேட்கலாம். கிடைத்தால் தண்டனையோடு ஒட்டிவரும் தகுதியிழப்புகள் அந்த நன்னடத்தைச் சட்டத்தின் 12-ஆவது பிரிவால் நீங்கும். 20-ஆவது பிரிவில் வயது வந்தவருக்கு இது கிடையாது. அதே பொட்டலம், அதே இளைஞன். காவல் நிலையத்தில் எழுதப்பட்ட ஓர் எண் மாறினால் எதிர்காலமும் மாறுகிறது.

வெளிநாட்டுப் பயணத்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கக் குடியேற்றச் சட்டப்படி, கட்டுப்படுத்தப்பட்ட போதைப்பொருள் தொடர்பான எந்தத் தண்டனையும், அது எந்த நாட்டில் வழங்கப்பட்டிருந்தாலும், நுழைவுத் தடைக்குக் காரணமாகும். தண்டனை இல்லாவிட்டாலும் அத்தகைய குற்றத்தைச் செய்ததாக அதிகாரியிடம் ஒப்புக்கொண்டாலே போதும். நிரந்தரமாகக் குடியேறும் விசாவுக்கு விலக்குக் கேட்கும் வாய்ப்பு, 30 கிராமோ அதற்குக் குறைவாகவோ கஞ்சா வைத்திருந்த ஒரே ஒரு நிகழ்வுக்கு மட்டுமே உண்டு. நாற்பது கிராம் வழக்கில் ஒப்புக்கொண்ட பொறியியல் மாணவன் அந்த எல்லையைப் பத்து கிராமில் தாண்டிவிட்டான். மாணவர் விசா போன்ற தற்காலிக விசாவுக்கு வேறு விலக்கு இருக்கிறது. அதைத் தருவதும் மறுப்பதும் அதிகாரிகளின் விருப்பம்.

வண்டி கைப்பற்றப்பட்டிருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள். போதைப்பொருளைக் கொண்டுசெல்லப் பயன்பட்ட வாகனத்தைப் பறிமுதல் செய்ய 60-ஆவது பிரிவு இடமளிக்கிறது. தனக்குத் தெரியாமல் நடந்தது என்று உரிமையாளர் மெய்ப்பித்தால்தான் தப்பலாம். மகன் ஒப்புக்கொண்டுவிட்டால், தவணையில் வாங்கிய தந்தையின் இருசக்கர வாகனத்துக்காகத் தந்தை தனியாகப் போராட வேண்டிவரும். இரண்டாவது முறை இதே அளவு தண்டனைக்குரிய குற்றத்தில் தண்டிக்கப்பட்டால், 31-ஆவது பிரிவின்படி சிறைத் தண்டனையின் உச்ச வரம்பு ஒன்றரை மடங்காகும். அந்த ஏணியின் முதல் படி இன்று கட்டும் அபராதம்தான்.

இத்தனைக்கும் பிறகு, இந்த வழி சரியாக அமையும் சூழலும் இருக்கிறது. சாட்சியம் வலுவாக இருந்து, மகஜரிலும் ஆய்வக அறிக்கையிலும் ஓட்டை ஏதும் தெரியாமல், வழக்கு 27-ஆவது பிரிவில் மட்டும் இருந்து, அரசு வேலைக்கோ வெளிநாட்டுக்கோ போகும் எண்ணம் இல்லாத ஒருவர், ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலியை இழப்பவராக இருந்தால், ஒப்புக்கொள்வது அவருக்கு நியாயமான முடிவுதான். நாள்கூலித் தொழிலாளியிடம் மூன்றாண்டு வழக்கு நடத்தச் சொல்லிவிட்டு அவருடைய அடுப்பைப் பற்றிக் கவலைப்படாமல் இருப்பது நல்ல ஆலோசனை ஆகாது.

வழி இரண்டு: வழக்கை நடத்துதல்

இந்தச் சட்டத்தில் குற்றம் சாட்டப்பட்டவரின் பாரம் மற்ற வழக்குகளைவிடக் கூடுதல். பொருள் அவர் வசம் இருந்தது என்று காட்டப்பட்டால், 35, 54 ஆகிய பிரிவுகளின் அனுமானங்கள் அவருக்கு எதிராக எழும். ஆனால் அந்த அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்பு முதலில் மெய்ப்பித்தாக வேண்டும் என்று 2008-இல் நூர் ஆகா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தண்டனை கடுமையான சட்டம் என்பதால் நடைமுறைகளும் கடுமையாகப் பின்பற்றப்பட வேண்டும் என்பதே இங்கு எதிர்த்தரப்பின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பின், உயிர்நாடி.

வராந்தாவில் சந்தித்த மாணவனின் மகஜர் நகலை அன்றே அங்கேயே வாங்கிப் படித்தேன். முதல் பக்கத்தின் நடுவில் இப்படி ஒரு வரி இருந்தது: அருகிலுள்ள நடுவர் முன்பாகவோ அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி முன்பாகவோ சோதனையிட்டுக்கொள்ள உமக்கு உரிமை உண்டு, அல்லது நானே சோதனை செய்யலாமா என்று கேட்டதற்கு, நீங்களே சோதனை செய்துகொள்ளுங்கள் என்று எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) கூறினார். படிப்பவருக்கு இது முறையாக நடந்த சோதனையாகத்தான் தோன்றும். அந்த "நானே செய்யலாமா" என்ற சொற்களில்தான் சிக்கல் இருக்கிறது. உடலைச் சோதிக்கும்போது 50-ஆவது பிரிவு தருவது இரண்டு தெரிவுகளை மட்டுமே. சோதனை செய்யும் அதிகாரி தம்மையே மூன்றாவது தெரிவாக முன்வைக்கக் கூடாது என்று 2014-இல் பரமானந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்த உரிமையை எடுத்துச் சொல்வது கட்டாயம் என்பதை 1999-இல் பல்தேவ் சிங் வழக்கிலும், 2010-இல் விஜய்சிங் ஜடேஜா வழக்கிலும் அரசியல் சாசன அமர்வுகளே உறுதிசெய்திருக்கின்றன. பேன்ட் பையில் கைவிட்டு எடுத்தது உடல் சோதனை. அதே பொட்டலம் தோளில் மாட்டிய பையிலோ வண்டியின் பெட்டியிலோ இருந்திருந்தால் 50-ஆவது பிரிவு பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். 2005-இல் பவன் குமார் வழக்கில் அது முடிவாகிவிட்டது. எனவே பொருள் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்ற ஒரே சொல்லில் வழக்கின் பலம் மாறிவிடுகிறது.

பார்க்க வேண்டிய மற்றவை: ரகசியத் தகவல் எழுத்தில் பதியப்பட்டு மேலதிகாரிக்கு அனுப்பப்பட்டதா, கைது குறித்த அறிக்கை 48 மணி நேரத்துக்குள் 57-ஆவது பிரிவின்படி போனதா, மாதிரி நடுவர் முன்னிலையில் எடுக்கப்பட்டதா, முத்திரை உடையாமல் ஆய்வகத்தை அடைந்ததா, ஆய்வகம் பெற்ற எடையும் மகஜரின் எடையும் ஒன்றா. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105-ஆவது பிரிவு, சோதனையையும் கைப்பற்றலையும் ஒலி ஒளிப் பதிவு செய்யச் சொல்கிறது. அந்தப் பதிவைக் கேட்டு வாங்க வேண்டும். காவல்துறையிடம் கொடுத்ததாகச் சொல்லும் ஒப்புதல் வாக்குமூலத்துக்குச் சான்றாக மதிப்பில்லை. போதைப்பொருள் தடுப்புப் பிரிவு போன்ற மத்திய அமைப்புகளின் அதிகாரிகளிடம் கொடுத்ததற்கும் மதிப்பில்லை என்று 2020 அக்டோபரில் தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. நம் மாநிலத்திலிருந்து சென்ற அந்த வழக்கு நாடெங்கும் எதிர்த்தரப்பின் கையில் இன்று முதல் ஆயுதமாக இருக்கிறது.

எல்லாத் தவறும் வழக்கைச் சாய்த்துவிடாது. மாதிரி எடுக்கும் 52-ஏ பிரிவில் நேர்ந்த குறை மட்டுமே விடுதலைக்குப் போதாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. பொதுச் சாட்சிகள் இல்லை, காவலர்கள் மட்டுமே சாட்சி என்பதும் தனியாக நின்று வழக்கை உடைக்காது.

இந்த வழியின் மறைமுகச் செலவு காலம். ஜாமீன் நிபந்தனையாகக் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போடும் வாரங்கள், சாட்சி வராமல் தள்ளிப்போகும் வாய்தாக்கள், தேர்வு நாளில் வரும் விசாரணை என அது நீளும். பாஸ்போர்ட் விஷயத்தில் இன்னொரு திருப்பம் உண்டு. குற்ற வழக்கு நீதிமன்றத்தில் நிலுவையில் இருப்பதே பாஸ்போர்ட் மறுக்கக் காரணமாகலாம். 1993 ஆகஸ்ட் 25 தேதியிட்ட மத்திய அரசின் அறிவிக்கையின்படி, வழக்கு நடக்கும் நீதிமன்றத்தின் அனுமதியோடுதான் பெற முடியும். மாறாக, தண்டிக்கப்பட்டவருக்கு அதே சட்டம் விதிக்கும் தடை, ஒழுக்கக் கேடான குற்றத்துக்காக இரண்டாண்டுக்குக் குறையாத சிறைத் தண்டனை பெற்றிருந்தால் மட்டுமே. பாஸ்போர்ட்டை மட்டும் பார்த்தால் அபராதம் கட்டியவர் முந்திக்கொள்கிறார். விசாவைப் பார்த்தால் பின்தங்கிவிடுகிறார். அவசரமாக வளைகுடா நாட்டுக்குப் போக வேண்டியவரும், அமெரிக்காவில் மேல்படிப்பை நினைப்பவரும் ஒரே முடிவுக்கு வர இயலாதது இதனால்தான்.

விடுதலையிலும் வகை உண்டு. தமிழ்நாடு காவல் பணித் தேர்வு விதிகள், சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரையும் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கருதுகின்றன. ஆகவே தீர்ப்பில் "குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை" என்று தெளிவாக வரும்படி வாதத்தை நடத்துவது வழக்கறிஞரின் கடமை. வழக்கு எப்படி முடிந்தாலும், வேலைக்கான படிவத்தில் அதை மறைக்கக் கூடாது. 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகள், இளவயதின் சிறு வழக்குகளை வேலை தருபவர் பொறுத்துக்கொள்ள இடம் தருகின்றன. தெரிந்தே உண்மையை மறைத்தவருக்கு அந்த இரக்கம் கிடைப்பது கடினம்.

வழி மூன்று: சிகிச்சை

இந்தச் சட்டத்தில் மிகக் குறைவாகப் பயன்படுத்தப்படும் நல்ல பிரிவு 64-ஏ. போதைக்கு அடிமையான ஒருவர்மீது 27-ஆவது பிரிவிலோ, சிறு அளவு தொடர்பான வேறு பிரிவிலோ குற்றம் சாட்டப்பட்டிருந்து, அரசோ உள்ளாட்சி அமைப்போ நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையிலோ நிறுவனத்திலோ அவர் தாமாக முன்வந்து போதை மீட்புச் சிகிச்சை பெற்றால், அந்தக் குற்றங்களுக்காக அவர்மீது வழக்குத் தொடர முடியாது என்று அது சொல்கிறது. தண்டனை இல்லை, ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். சிகிச்சையைப் பாதியில் விட்டால் பாதுகாப்பு திரும்பப் பெறப்படலாம்.

தண்டனைக் கட்டத்துக்கு வந்துவிட்டவருக்கும் 39-ஆவது பிரிவு இருக்கிறது. குற்றவாளி என்று தீர்மானித்த பிறகும், உடனே தண்டிக்காமல், அவருடைய சம்மதத்தோடு, பிணைப்பத்திரம் பெற்றுக்கொண்டு சிகிச்சைக்கு அனுப்பலாம். ஓராண்டுக்குள் அறிக்கை வந்ததும், மூன்றாண்டுக்கு மிகாத காலத்துக்குப் போதைக் குற்றங்களிலிருந்து விலகியிருப்பதாகப் பத்திரம் எழுதி வாங்கி, கண்டித்து விடுவிக்கலாம். நன்னடத்தைச் சட்டம் மூடிய கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு சாளரம் இது.

நிபந்தனைகளைக் கவனியுங்கள். சட்டம் "அடிமையானவர்" என்று சொல்வது போதைப்பொருளைச் சார்ந்து வாழும் நிலைக்கு வந்தவரைத்தான். நண்பர்களோடு எப்போதாவது புகைத்த மாணவனுக்காகப் பொய்ச் சான்றிதழ் வாங்குவது சட்டத்தையும் மருத்துவரையும் ஏமாற்றுவதாகும். அவன்மீது இல்லாத நோயின் பெயரை எழுதிவைப்பதும் ஆகும். வெளிநாட்டுக் குடியேற்ற மருத்துவப் பரிசோதனைகளில் போதைச் சார்பு என்ற பதிவே கேள்விக்குள்ளாகக் கூடும். அங்கீகாரம் இல்லாத தனியார் மையங்களின் தாளை நீதிமன்றம் ஏற்க வேண்டியதில்லை. பணத்தைக் கட்டுவதற்கு முன் அரசு அங்கீகாரத்தின் நகலைக் கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் விசாரிப்பது பாதுகாப்பானது. எங்கே செல்வது என்று தெரியாதவர்கள் 14446 என்ற தேசியப் போதை மீட்பு உதவி எண்ணை அழைக்கலாம்.

மகனோ கணவரோ காலையில் எழுந்ததும் பொருளைத் தேடுகிறார், கிடைக்காத நாளில் கை நடுங்குகிறது, தூக்கம் போய்விட்டது, வீட்டுப் பாத்திரம் காணாமல் போகிறது என்றால் மற்ற மூன்று வழிகளைப் பற்றிய பேச்சைத் தள்ளிவையுங்கள். அவருக்கு அபராதம் கட்டி வெளியே அழைத்து வருவது அடுத்த வழக்கு வரைக்குமான இடைவேளையே. வழக்குகள் சேர்ந்தால், குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் 1982-ஆம் ஆண்டின் 14-ஆவது தமிழ்நாடு சட்டத்தில் போதைப்பொருள் குற்றவாளி என்ற வகையும் இருக்கிறது. அதன்கீழ் விசாரணையின்றிப் பன்னிரண்டு மாதம் வரை தடுத்துவைக்கலாம்.

வழி நான்கு: உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு

பி.என்.எஸ்.எஸ். 528-ஆவது பிரிவின்கீழ் (பழைய 482) சென்னையிலோ மதுரைக் கிளையிலோ வழக்கை ரத்து செய்யக் கேட்கலாம். தாள்களை அப்படியே உண்மை என்று எடுத்துக்கொண்டாலும் குற்றம் உருவாகவில்லை என்று காட்ட முடிந்தால்தான் இது பலிக்கும். பிடிபட்ட இன்னொருவர் காவல் நிலையத்தில் பெயர் சொன்னார் என்பதைத் தவிர வேறு எதுவும் இல்லாத வழக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சாட்சியத்தை அலச வேண்டிய வழக்கை உயர் நீதிமன்றம் விசாரணைக்கே திருப்பி அனுப்பிவிடும்.

ஓராண்டு வரை மட்டுமே சிறைக்குரிய குற்றம் என்பதால், பழைய சட்டத்தில் காலவரம்பு ஒரு வலுவான காரணமாக இருந்தது. ஓராண்டு கடந்து வந்த குற்றப்பத்திரிகையை எதிர்க்க முடிந்தது. புதிய சட்டத்தின் 514-ஆவது பிரிவிலுள்ள விளக்கம், தகவல் பதியப்பட்ட நாளையே கணக்கில் எடுக்கச் சொல்வதால், 2024 ஜூலைக்குப் பிந்தைய வழக்குகளில் அந்த ஆயுதம் மழுங்கிவிட்டது. கட்டணமும் பயணமும் இந்த வழியில் கூடுதல். மனு தாக்கல் செய்ததாலேயே கீழ்நீதிமன்ற விசாரணை நின்றுவிடாது. தனியே தடையாணை வேண்டும்.

ஒரே பார்வையில்

| | ஒப்புக்கொள்ளுதல் | நடத்துதல் | சிகிச்சை (64-ஏ) | ரத்து மனு |
|---|---|---|---|---|
| காலம் | ஒரே நாளில் முடியலாம் | நீளும் | சிகிச்சை முடியும் வரை | நிலுவையைப் பொறுத்தது |
| நேரடிச் செலவு | குறைவு | நடுத்தரம் முதல் அதிகம் | அரசு மருத்துவமனையில் குறைவு | அதிகம் |
| தண்டனைப் பதிவு | உறுதி | விடுதலையானால் இல்லை | இல்லை | ரத்தானால் இல்லை |
| பாஸ்போர்ட் | அபராதம் மட்டும் என்றால் தடை குறைவு | நிலுவைக் காலத்தில் தடை | வழக்கு முடியும் வரை தடை | ரத்தானால் தடை இல்லை |
| அமெரிக்க விசா | கடும் பாதிப்பு | விடுதலையானால் பாதிப்பு குறைவு | மருத்துவப் பதிவு கேள்வியாகலாம் | பாதிப்பு குறைவு |
| யாருக்கு ஏற்றது | வலுவான சாட்சியம், 27-ஆவது பிரிவு, கூலித் தொழிலாளி | சோதனையில் குறை உள்ளவர், மாணவர், அரசுப் பணி நாடுபவர் | உண்மையில் அடிமையானவர் | தாளிலேயே குற்றம் இல்லாதவர் |

வழக்கறிஞர்

காவலில் இருக்கும் எவரும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987-இன் 12-ஆவது பிரிவின்படி இலவச வழக்கறிஞர் பெற உரிமையுள்ளவர். பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கும் வருமான வரம்பு பார்ப்பதில்லை. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். தனியார் வழக்கறிஞரை அமர்த்துவதென்றால் அவரிடம் கேட்க வேண்டியது, எவ்வளவு சீக்கிரம் முடிப்பீர்கள் என்பது அல்ல. மகஜரையும் ஆய்வக அறிக்கையையும் படித்தீர்களா, பொருள் எங்கிருந்து எடுக்கப்பட்டதாக எழுதியிருக்கிறது என்பதுதான். இந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லாமல் ஒப்புக்கொள்ளச் சொல்பவரின் ஆலோசனையை ஏற்க வேண்டாம்.

கேள்வி கேட்கப்படும் நேரம்

அந்தத் திங்கட்கிழமை பதினொன்றரை மணிக்கு மாணவனின் பெயர் கூப்பிடப்பட்டது. அவன் அடிமையானவன் அல்ல என்பதை அவனோடும் தாயோடும் தனித்தனியே பேசித் தெரிந்துகொண்டிருந்தேன். எனவே மூன்றாவது வழி அவனுக்கு இல்லை. மகஜரில் அந்த வரி இருந்தது. அவனுக்கு வெளிநாட்டில் படிக்கும் ஆசையும் இருந்தது. கூண்டில் ஏறியதும் நடுவர் குற்றச்சாட்டைப் படித்து, ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டார். அவன் ஒரு கணம் வாசல் பக்கம் நின்ற தாயைத் திரும்பிப் பார்த்துவிட்டு, நான் சொல்லிக்கொடுத்திருந்தபடி, "வழக்கறிஞர் வைத்துக்கொள்ள அவகாசம் வேண்டும் ஐயா" என்றான். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல எவருக்கும் உரிமை உண்டு. நடுவர் வக்காலத்துத் தாக்கல் செய்ய இரண்டு வாரம் கொடுத்தார். தாய் ரப்பர் பேண்டு போட்ட எட்டாயிரத்தைத் துணிப்பையின் அடியில் வைத்துக்கொண்டு, மகஜரின் நகலை மேலே வைத்தார்.